திருமேனி உருகிய கோடை

இதை முதலில் சொன்னவர், பாறைக்குளம் பால் சங்கத்தில் கொழுப்பு அளக்கும் எஸ்தர் புஷ்பம். சொந்தச் சித்தப்பா கொண்டுவந்த பாலில்கூடத் தண்ணீரைத் தண்ணீர் என்றே சொன்னவர் அவர் என்பதால், அவர் சொல்லில் மிகை இருக்கும் என்று அந்த ஊரில் எவரும் ஐயுற்றதில்லை. அவர் சொன்னது இவ்வளவே: பால்கோவாக் கடைத் திருமேனியின் உடம்பிலிருந்து கரைந்த கொழுப்பு எங்கும் போய் மறையவில்லை, அவருடைய அக்காள் சண்முகவடிவின் வீட்டு வெண்கலச் செம்பில் நெய்யாக வந்து இறங்கியது. மற்றதெல்லாம் ஊர் சேர்த்துச் சொன்னது.

மலையடிவாரத்து ஊராகிய பாறைக்குளத்தில் மாடுகள் மிகுதி. மாடுகள் மிகுந்ததால் பால் மிகுதி. பால் மிகுந்ததால் கடைவீதியில் பால்கோவா மிகுதி. பால்கோவா மிகுந்ததால் திருமேனியும் மிகுதியாகவே இருந்தார். பால் கேன்களை நிறுக்கும் இரும்புத் தராசில் ஒருமுறை விளையாட்டாக ஏறி நின்றபோது முள் நூற்று நான்கைக் காட்டியது. "தராசு பழசாயிட்டு" என்று சொல்லி இறங்கிவிட்டார். கல்லாவின் பின்னே அவர் அமர்ந்தால், சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தில் மயில் தோகையின் ஒரு நுனி மட்டுமே வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும். பக்தி மிகுந்தவர்கள் அந்த நுனியையே கும்பிட்டுவிட்டுச் சரக்கு வாங்கிப் போனார்கள். நிறுவையில் அவர் கறார்ப் பேர்வழி. முள் நடுவில் நின்ற பிறகு தட்டில் ஒரு துணுக்கு கூடுதலாகத் தெரிந்தால் அதைக் கிள்ளி எடுத்துவிடுவார். கொசுறு என்ற சொல்லே அந்தக் கடையில் புழங்கியதில்லை. கிள்ளிய துணுக்கு எங்கே போகும் என்பதை அவர் வயிற்றைப் பார்த்தே ஊர் அறிந்திருந்தது. வாணலியில் பால் சுண்டித் திரளும்போதெல்லாம் ஒரு விள்ளல் எடுத்து வாயிலிட்டுப் பதம் பார்ப்பது வேறு. "ஒரு நாளைக்கு எத்தனை விள்ளல்?" என்று மனைவி உலகம்மாள் கேட்டால், "அது தின்னுததுல சேராது, அது வேலை" என்பார்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் அக்காள் வடிவின் கண்கள் மஞ்சளாயின. சத்துணவுக் கூடத்தில் நெடுங்காலம் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவர் அவர். பிள்ளைகள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு, பாத்திரம் கழுவுகிறவள் உண்டு, அதன்பின் அடியில் மிஞ்சியதை உண்டு, அந்த மிச்சம் கொடுத்த உடம்பையே உடுத்திக்கொண்டிருந்தவர். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. மதுரை மருத்துவமனையில் மருத்துவர் ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அக்காளின் கல்லீரல் சுருங்கிப் போய்விட்டது என்றும், இனி மருந்தில் பயனில்லை என்றும், உடன்பிறந்தவர் கல்லீரலில் ஒரு பங்கை வெட்டி வைத்தால் பிழைப்பார் என்றும் சொன்னார்.

"என்னுதை எடுத்துக்கிடுங்க" என்றார் திருமேனி, சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கியவராய்.

மருத்துவர் அவரையும் படம் எடுக்கச் செய்து, அதையும் தூக்கிப் பார்த்தார். கல்லீரல் பொருந்துகிறது, ஆனால் முழுவதும் கொழுப்பு; இந்த நிலையில் வெட்டினால் கொடுப்பவருக்கும் கேடு, பெறுபவருக்கும் கேடு; ஆடி மாதம் பிறப்பதற்குள் தம்பி இளைக்க வேண்டும், அக்காள் சதை பிடிக்க வேண்டும்; அதற்குமேல் அக்காளின் உடம்பு காத்திருக்காது என்றார். உணவு முறை சொல்ல ஓர் ஒல்லியான பெண் வந்தாள். நூல்களில் நனிசைவம் என்று பெயர் பெற்றிருக்கும் முறையை அவள் வீகன் என்று சொன்னாள்.

"பால் கிடையாதாம்மா?"

"கிடையாது சார்."

"தயிரு?"

"கிடையாது."

"மோரு? தண்ணியா ஊத்திக்கிட்டா?"

"மோர் எதுலேருந்து சார் வருது?"

நெய்யைப் பற்றிக் கேட்க அவர் வாயெடுக்குமுன் வடிவு குறுக்கிட்டார். "ஏல, அந்தப் பிள்ளையப் போட்டு ஏன் சுத்தி வளைக்க? மாட்டுப் பக்கமே போகாதங்காவ. அவ்வளவுதான்."

பால்கோவாக் கடைக்காரர் பாலை விலக்கினார் என்ற செய்தி பேருந்து வருமுன்பே பாறைக்குளம் வந்து சேர்ந்திருந்தது. மீன் நீச்சலை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டதைப் போல ஊர் அதைக் கேட்டுக்கொண்டது. கேப்பைக் களி, கொள்ளுத் துவையல், அவரைக்காய், வாழைத்தண்டு, கீரை என்று அவர் இலை நிறம் மாறியது. பதத்தை நாவால் அறியக் கூடாதென்பதால் காதால் அறியத் தொடங்கினார். வாணலியில் கரண்டி உரசும் ஓசை தடித்ததும், கண்ணை மூடிக்கொண்டு, "இறக்கு" என்பார். பகற்சோற்றைத் தாமே சமைத்து அனுப்புவதாக வடிவு பிடிவாதம் பிடித்தார்.

"முடியாத உடம்போட நீங்க எதுக்கு மதினி அடுப்படியில நிக்கணும்?" என்றாள் உலகம்மாள்.

"எனக்காவத்தான அவன் பட்டினி கிடக்கான். அந்தப் பட்டினியையாவது நான் சமைச்சுப் போடுதேன்."

முதல் வாரம் முடிந்த ஒரு காலை, வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்த வடிவு, அலமாரியில் வெறுமனே கிடந்த வெண்கலச் செம்பில் நெய் நிறைந்திருப்பதைக் கண்டார். யாரோ கொண்டுவந்து வைத்திருப்பார்கள் என்று எண்ணி, மூடி போட்டுவிட்டு உலையை வைத்தார். மறுநாள் செம்பு வழிந்து அலமாரியில் ஓடியது. அதன்பிறகே கடைத் தராசுக்கும் செம்புக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்தார்கள்: தம்பி எத்தனை குறைந்தாரோ அத்தனை நெய் அக்காள் வீட்டில் கூடியிருந்தது. எஸ்தர் புஷ்பம் வரவழைக்கப்பட்டார். புறங்கையில் ஒரு துளி விட்டுத் தேய்த்தார், முகர்ந்தார்.

"இது அண்ணாச்சி கடை நெய்தான். ஏலக்காய் வாடை இருக்கு. அங்கேருந்து போன மாசம் அவர் வயித்துக்குப் போனது, இப்பத் திரும்பி வந்திருக்கு."

"எதுக்கு இந்த வீட்டுக்கு வரணும்?" என்று உலகம்மாள் கேட்டாள்.

தெருவில் மூத்தவர்களுக்கு விடை தெரியும். அக்காளும் தம்பியும் பிறந்த வீட்டில் ஒரு செவலைப் பசு நின்றது. அதன் பாலில் படரும் ஆடை ஆண்பிள்ளைக்கு; கடைந்த வெண்ணெய் ஆண்பிள்ளைக்கு; உருக்கிய நெய், தாய் குரல் கொடுத்ததும் பெண்பிள்ளை எழுந்து போய்த் தம்பி சோற்றில் தன் கையால் ஊற்றுவதற்கு; எல்லாம் போக, பானையைக் கழுவி ஊற்றிய நீர்மோர் பெண்பிள்ளைக்கு. பெண்பிள்ளை பெருத்துவிடக் கூடாதாம். அந்த வீடு கொடிய வீடு அன்று. எல்லா வீட்டிலும் பானை அப்படியே கழுவப்பட்டது.

ஆகவே ஊருக்கு இதில் வியக்க ஒன்றும் இல்லை. இத்தனை நாள் தாமதமானது ஏன் என்பதுதான் பேச்சாக இருந்தது. நீர்மோர் குடித்து வளர்ந்த பெண்கள் ஆளுக்கொரு கிண்ணத்தோடு வடிவு வீட்டு வாசலில் வரிசை நின்றார்கள். ஊரில் எந்தப் பெண் நீர்மோர் குடிக்காமல் வளர்ந்தாள்? ஆகவே வரிசை குளத்தங்கரை வரை போயிற்று. வடிவு சத்துணவுக் கரண்டியை எடுத்து, பழைய வழக்கப்படி, ஒருவருக்கும் குறையாமல் ஊற்றினார். தமக்கென்று ஒரு துளி வைக்கவில்லை. கோயிலுக்கும் ஒரு தூக்கு அனுப்பினார். குருக்கள் தூக்கைக் கையால் தொடாமல் நெடுநேரம் பார்த்தார்.

"மனுஷா உடம்புல ஊறினது. சுவாமிக்கு ஆகாது."

"மாட்டு உடம்புல ஊறினது ஆகும்லா, சாமி? அந்த மாட்டுதத்தான் இவன் தின்னான். நடுவுல கொஞ்ச நாள் தங்கிட்டு வந்திருக்கு" என்றார் வடிவு.

குருக்கள் கருவறைக்கு ஒப்பவில்லை. கொடிமரத்தடி விளக்குக்கு ஒப்பினார். அந்த விளக்கின் சுடர் மற்றச் சுடர்களைவிடச் சற்றுப் பருமனாக எரிந்ததாகப் பிரதோஷத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள்.

துன்பப்பட்டவர்கள் ஊரின் மற்ற ஆண்களே. மனைவிமாரும் தமக்கைமாரும் அவர்கள் வயிற்றை, அடகு வைத்த பொருளை மீட்கப் போகிறவர்களைப்போலப் பார்க்கத் தொடங்கினார்கள். கணவன்மார் பலர் ஒரே வாரத்தில் பாலில்லாச் சைவர் ஆக்கப்பட்டனர். பெரும்பாலான வீடுகளில் செம்பு காய்ந்தே கிடந்தது. தேநீர்க் கடைப் பரமசிவத்தின் வீட்டில் மட்டும் ஒருநாள் நிறைந்தது. ஆவலோடு மூடியைத் திறந்த அவர் மனைவி உள்ளே கண்டது பலமுறை காய்ந்த பாமாயில். "பஜ்ஜியத் தவிர எனக்கு எதையும் மிச்சம் வச்சிருக்கியா நீ?" என்று அவள் கேட்ட குரல் பால் சங்கம் வரை கேட்டது.

திருமேனியோ இளைத்துக்கொண்டே வந்தார். முருகன் படத்தில் முதலில் மயில் முழுவதும் தெரிந்தது, பிறகு வேல் தெரிந்தது, வைகாசியில் வள்ளி வெளிப்பட்டாள்; தெய்வானை மட்டும் மறைந்திருந்தாள். நெய் வந்த ஒழுங்கையும் ஊர் கவனித்தது: கடைசியில் தின்றது முதலில் வந்தது. ஏலக்காய் வாடை அடங்கியபின், கல்யாண விருந்துகளின் நெய் முந்திரி மணத்தோடு வந்தது. அதற்கும் பின்னே, பாளையங்கோட்டை விடுதியில் அவர் படித்த காலம் வந்து சேர, ஒரு வாரம் முழுவதும் செம்பில் கடலையெண்ணெயே நின்றது. வரிசையில் நின்ற பெண்கள் முகம் சுளித்தார்கள். "அங்க அவனுக்கு வேற என்ன கிடைச்சிது? பொறுங்க, வரும்" என்றார் வடிவு.

வந்தது. ஆனி மாதத்தின் முதற்காலையில் செம்பைத் திறந்தவர், முருங்கையிலை போட்டு உருக்கிய நெய்யின் மணம் முகத்தில் அடிக்க, அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். செவலையின் நெய். அம்மாவின் அடுப்பு நெய். சிறு வயதில் தம் கையால் நாளும் அள்ளி ஊற்றி, விரலில் ஒட்டியதைக்கூட நக்காமல் தலையில் தடவிக்கொண்ட நெய். அன்று வரிசையில் நின்றவர்களிடம், "இன்னைக்கு இல்ல தாயி, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்றோடு திருமேனி இளைப்பது நின்றது.

தராசின் முள் எண்பத்தைந்தில் முளையடித்ததுபோல் நின்றுவிட்டது. கொள்ளுத் துவையலையும் கீரையையும் தவிர வேறறியாத வாயோடு விடியற்காலையில் குளத்தைச் சுற்றி நடந்தார்; முள் அசையவில்லை. மதுரைக்குப் போய்ப் படம் எடுத்தார்கள். வெளியே இருந்த கொழுப்பெல்லாம் போய்விட்டது, கல்லீரலுக்குள்ளே கொஞ்சம் அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறது, அது போகாமல் கத்தி வைக்க முடியாது என்றார் மருத்துவர். ஆடி பிறக்க இனி இரண்டு வாரமே உண்டு என்பதை அவர் சொல்லவில்லை, சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். அக்காளின் எடையோ கூடவே இல்லை. திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் வடிவு தம்பியின் தோளில் சாய்ந்து உறங்கினார். அந்தத் தலையின் கனமின்மை திருமேனியை அச்சுறுத்தியது. கால் கிலோ அரைக் கிலோவைக் கையால் தூக்கியே சொல்லிவிடக் கூடிய அவருக்கு, அக்காளின் தலையில் அளவிடுவதற்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது.

ஊர் ஒரே முடிவுக்கு வந்தது: கடைக்காரர் திருட்டுத்தனமாகத் தின்கிறார். பெண்கள் முறைவைத்துக் கடை வாசலில் காவல் இருந்தார்கள். உலகம்மாள் அவர் நகக்கண்ணைப் பார்த்தாள். "வாயைத் திறங்க. ஊதுங்க" என்றாள்.

"ஏட்டி, நான் என்ன லாரி டிரைவரா?"

"ஊதுங்க, சொல்லுதேன்."

ஊதினார். கொள்ளு மணத்தது. வீதியே நின்று பார்த்தது. அவமானம் தாங்காத திருமேனி, அக்காள் வீட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்த தூக்குச்சட்டியைக் கல்லாவின்மேல் வைத்து மூடியைத் திறந்தார். "நான் தின்னுதது இதுதான். ஊரோட வந்து பாத்துக்கிடுங்க!"

ஊரோடு வந்து பார்த்தார்கள். எஸ்தர் புஷ்பம் குனிந்து ஒருமுறை மூச்சை இழுத்தார். நிமிர்ந்து, இரக்கத்தோடு அவரைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உங்களுக்கு இதுல ஒண்ணும் மணக்கலையா?"

"சோறு மணக்குது. கீரை மணக்குது."

"நெய் மணக்குது. முருங்கையிலை போட்ட நெய்."

அவர் மறுபடியும் முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. தம் உடம்பிலிருந்து வந்தது தம் மூக்குக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் பகலில் திருமேனியும் உலகம்மாளும் வடிவு வீட்டு அடுப்படி நிலையருகே ஓசைப்படாமல் வந்து நின்றார்கள். வடிவு சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்து வைத்தார், கீரையை வைத்தார், மூடியைக் கையில் எடுத்தார். அப்போது அவருடைய வலக்கை, அவரைக் கேளாமலே, அலமாரிக்குப் போயிற்று. செம்பின் மூடியைத் தள்ளிற்று. கரண்டியை அடிவரை விட்டு அள்ளிற்று. சோற்றின் நடுவில் குழி பறித்து ஊற்றிற்று. விரலில் ஒட்டியதைத் தலையில் தடவிக்கொண்டு திரும்பி வந்து மூடியைப் போட்டது. அவ்வளவு நேரமும் வடிவின் கண்கள் அடுப்பில் பொங்கிய ரசத்தின்மேலேயே இருந்தன.

"மதினி, இப்ப என்ன செஞ்சீங்க?" என்றாள் உலகம்மாள்.

வடிவு திடுக்கிட்டார். "நீங்க எப்ப வந்தீங்க? மூடி போட்டேன், வேற என்ன?"

"மூடிக்கு முன்ன?"

"கீரை வச்சேன்."

திருமேனி தூக்குச்சட்டியைத் திறந்து காட்டினார். குழியில் நெய் மின்னியது. வடிவு அதைப் பார்த்தார். தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாம் வளர்த்த பிள்ளை அடுத்த வீட்டில் திருடிவிட்டதாகக் கேட்டவர்போல ஆனார்.

"முருகா! அவனுக்குள்ள இருந்து வந்ததை அவனுக்கேவா ஊட்டுனேன்?"

"அதுதான் நான் குறையல. நான் விட்டது இங்க வருது, இங்கேருந்து நீ எனக்கு அனுப்புத. இடையில பேருந்துச் சீட்டுதான் இல்ல" என்றார் திருமேனி. "அக்கா, டாக்டரு உன்னச் சதை பிடிக்கச் சொன்னாரா இல்லையா? ஊருக்கெல்லாம் ஊத்துனியே, நீ ஒரு சொட்டுத் தின்னியா?"

"எனக்கு நெய்யெல்லாம் பழக்கமில்லல."

"பழகிக்கோ."

"நீ சாப்பிடு முதல்ல, பசியோட நிக்க. நான் பொறவு…"

"பொறவுன்னு ஒண்ணு இல்லக்கா. நாட்காட்டியப் பாத்தியா?"

அவர் அக்காளின் தோளைப் பிடித்து மணையில் உட்கார வைத்தார். இலையை விரித்தார், தலைகீழாக விரித்தார், உலகம்மாள் திருப்பிப் போட்டாள். கடையில் கிலோக் கணக்கில் அள்ளி நிறுத்தவர் அவர். ஆனால் ஒருவர் இலையில் ஒருமுறையும் பரிமாறியவர் அல்லர் என்பது அப்போதுதான் மூவருக்கும் தெரிந்தது. சோற்றை ஓரத்தில் கொட்டினார், கீரையைச் சோற்றின்மேலேயே கவிழ்த்தார், செம்பை எடுத்துச் சாய்த்தார்; நெய் இலையைத் தாண்டித் தரையில் ஒழுகிற்று.

"ஏல, சோத்துல ஊத்து. தரைக்கு எதுக்கு நெய்யி?"

"இருக்கா, வருது."

"குழி பறிச்சு ஊத்து."

குழி பறித்தார். செம்பின் அடி தெரியும்வரை ஊற்றினார். வடிவு பிசைந்தார், முதல் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பழக்கத்தால், வேறு யாராவது உண்ணாமல் இருக்கிறார்களா என்று இருபக்கமும் பார்த்தார். அடுப்படியில் இருவர் நின்றுகொண்டிருந்தனர், உண்ணாமல்தான். ஆனால் அவர்கள் இருவருமே அசைவதாக இல்லை. கவளம் வாய்க்குப் போயிற்று. வடிவு நெடுநேரம் மென்றார்.

"இப்படியால இருந்திச்சி இது?" என்றார் கடைசியில். "அம்மாடி! ஒருநாள்கூடச் சொல்லலியே நீ?"

அன்று முதல் பகலுணவு முறை மாறியது. அக்காள் உண்டு கை கழுவிய பிறகே தம்பியின் இலை விழுந்தது. செம்பில் வந்த முருங்கை நெய் வந்த வேகத்தில் வடிவின் இலைக்குப் போயிற்று. அவர் கன்னத்துக் குழிகள் மெல்ல மேடேறின. வளையல்கள் முழங்கையிலிருந்து இறங்கி மணிக்கட்டுக்கு வந்தன. கடையில் ஒரு காலை தெய்வானை வெளிப்பட்டாள். குடும்ப சமேதராக முருகனைக் கண்ட வாடிக்கையாளர் ஒருவர் புதுப்படமா என்று விசாரித்தார். ஆனியின் கடைசி வாரத்தில் செம்பு காய்ந்து நின்றது. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நாட்காட்டியைப் பார்க்காமல், "வாங்க" என்றார்.

மயக்க மருந்து ஏற்றுமுன் திருமேனி ஒரு விண்ணப்பம் வைத்தார். "வெட்டி எடுத்ததும் அதை நிறுத்துருங்க, டாக்டர். நிறுக்காம நான் எதையும் குடுத்ததில்ல."

"நாங்களும் நிறுக்காமல் வைப்பதில்லை" என்றார் மருத்துவர்.

"முள்ளு நடுவுல நிக்கும்போது ஒரு துணுக்கு கூட இருந்தா, கிள்ளிராதீங்க."

சில நாள் கழித்து அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அக்காளின் அறைக்குத் தள்ளிப் போனாள் உலகம்மாள். கண்ணாடிக்கு அப்பால் எஸ்தர் புஷ்பம் கைகட்டி நின்றார். வடிவு கண் திறந்தார். கண்களில் மஞ்சள் இல்லை. ஒல்லியாகிவிட்ட தம்பியை மேலும் கீழும் பார்த்தார். வாழ்நாளில் ஒருநாளும் தமக்கு எவ்வளவு என்று கேட்டறியாத அந்த அம்மாள், முதன்முறையாகக் கேட்டார்.

"எவ்வளவுல தந்த?"

"நிறுத்துத்தான் தந்தேன்."

"கொசுறு போட்டியா?"

"கொசுறோட சேத்துத்தான், அக்கா" என்றார் திருமேனி. "அறுநூத்தி எம்பத்தி நாலு கிராம்."